ஒரே ரிடிம், பல குரல்கள்: ரெகே தொகுப்பு ஆல்பங்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாடுகிறவர்கள் பலர், பாட்டு ஒவ்வொன்றும் வேறு. ஆனால் பின்னணி இசை மட்டும் முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை ஒன்றேதான். ஜமைக்காவின் ரெகே இசையில் வரும் இந்த வகைத் தொகுப்புகளை முதல்முறை கேட்பவர்களுக்கு எழும் கேள்விகளை இங்கே ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். பாப் மார்லியைக் கேட்டுவிட்டு, "அடுத்து என்ன?" என்று நிற்பவர்களுக்கும் இது உதவும்.

ஆல்பம் முழுக்க ஒரே இசை ஓடுகிறதே, கோப்பில் ஏதாவது கோளாறா?

கோளாறு இல்லை. வேண்டுமென்றேதான் அப்படிப் போட்டிருக்கிறார்கள். தயாரிப்பாளர் ஒருவர் ஒரு பின்னணி இசையை உருவாக்குகிறார். அதைப் பத்துப் பதினைந்து பாடகர்களிடம் கொடுக்கிறார். ஆளாளுக்குத் தன் சொற்களை, தன் மெட்டை அதன்மேல் ஏற்றுகிறார்கள். எல்லாவற்றையும் சேர்த்து ஒரே ஆல்பமாக வெளியிடுகிறார்கள். அந்தப் பொதுப் பின்னணி இசைக்கு ரிடிம் என்று பெயர், அதனால் இதை "ஒரு ரிடிம் ஆல்பம்" என்பார்கள். பெரும்பாலும் கடைசியில் குரலே இல்லாமல் வெறும் இசையையும் ஒரு டிராக்காக வைத்திருப்பார்கள். முதல்முறை கேட்கும்போது அந்தக் கடைசி டிராக்கை முதலில் போட்டுக் கேளுங்கள், காது சீக்கிரம் பழகிவிடும்.

ரிடிம் என்பது தாளமா, மெட்டா?

இரண்டும் முழுதாக இல்லை. டிரம்ஸும் பேஸும் சேர்ந்த அடித்தளம்தான் ரிடிம். கூடவே கிட்டாரிலோ கீபோர்டிலோ வெட்டி வெட்டி ஒலிக்கும் ஓர் அடி, ஒரு சின்ன இசைத்துணுக்கு சேர்ந்திருக்கும். இதில் பேஸ்தான் அடையாளம். ஜமைக்கா ரசிகர் ஒருவருக்கு பேஸின் முதல் நான்கு சுரம் போதும், ரிடிமின் பெயரைச் சொல்லிவிடுவார்.

நம் காவடிச்சிந்து மெட்டில் பலர் பல பாட்டுக் கட்டியிருப்பதை நினைத்துக்கொண்டால் பாதி புரியும். ஆனால் ஒரு வேறுபாடு முக்கியம். காவடிச்சிந்தில் பாடுகிற மெட்டே பொது, சொல் மட்டும்தான் மாறும். ரிடிமில் பாடுகிற மெட்டு ஒவ்வொருவருக்கும் சொந்தம், கீழே ஓடும் இசை மட்டும்தான் பொது. அதனால் ஒரே ரிடிமில் வந்த இரண்டு பாட்டுகளை வாத்தியம் இல்லாமல் வெறுங்குரலில் பாடினால், இரண்டுக்கும் உறவே இல்லாதது போலத் தோன்றும்.

இப்படி ஒரு பழக்கம் எங்கிருந்து வந்தது?

தெருவிலிருந்து வந்தது. 1950களிலிருந்தே கிங்ஸ்டன் நகரத்தில் நடனம் என்றால் சவுண்ட் சிஸ்டம்தான். ஆள் உயர ஸ்பீக்கர் பெட்டிகள், ஆம்ப்ளிஃபையர், இசைத்தட்டுகள், தட்டைத் தேர்ந்தெடுத்துப் போட ஒருவர், மைக்கில் பேசிக் கூட்டத்தைக் கிளப்ப ஒருவர். அப்படிப் பேசுகிறவரைத்தான் அங்கே டீஜே என்பார்கள்.

1960களின் இறுதியில் ஸ்பானிஷ் டவுனைச் சேர்ந்த ரட்டி ரெட்வுட் என்ற சவுண்ட் சிஸ்டக்காரர், டியூக் ரீடின் ட்ரெஷர் ஐல் ஸ்டூடியோவில் பாரகன்ஸ் குழுவின் 'ஆன் தி பீச்' பாட்டுக்கு ஒரு தட்டு வெட்டித் தரச் சொன்னார். பொறியாளர் குரலைச் சேர்க்காமல் விட்டுவிட்டார். ரெட்வுட் அந்தத் தட்டையே நடனத்தில் போட்டார். பாட்டு எல்லோருக்கும் தெரிந்ததுதான், குரல் மட்டும் இல்லை. கூட்டமே பாட ஆரம்பித்துவிட்டது! அதற்கப்புறம் 45 ஆர்பிஎம் தட்டின் ஒரு பக்கம் பாட்டு, மறுபக்கம் குரலில்லாத இசை என்பது வழக்கமாகிவிட்டது. அந்த மறுபக்கத்துக்கு 'வெர்ஷன்' என்று பெயர்.

மறுபக்கம் காலியாக இருந்தால் அதன்மேல் பேசத்தானே தோன்றும். கிங் டப்பியின் சவுண்ட் சிஸ்டத்தில் மைக் பிடித்த யூ-ராய், பழைய ட்ரெஷர் ஐல் பாட்டுகளின் இசைமேல் பேசிப் பாடிய தட்டுகள் 1970இல் ஜமைக்காவின் விற்பனைப் பட்டியலில் முன்வரிசையைப் பிடித்தன. ஒரு பாட்டுக்காக வாசித்த இசை இன்னொரு பாட்டுக்கும் உயிர் கொடுக்கும் என்பது அத்தோடு உறுதியாகிவிட்டது.

பணமும் ஒரு காரணம்தான். இசைக்குழுவை அமர்த்தினால் காசு, ஸ்டூடியோ நேரத்துக்குக் காசு. ஏற்கெனவே பதிவான இசை கையில் இருந்தால் பாடகர் ஒருவர் போதும். இதை வைத்து "சிக்கனத்துக்காக வந்த குறுக்குவழி" என்று ஒதுக்குபவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. சிக்கனம் வழியைத் திறந்தது உண்மை. ஆனால் ஐம்பது ஆண்டுக்கும் மேலாக அது நிலைத்து நிற்பது நடனக் கூட்டத்துக்குப் பிடித்ததால்தான்.

நடனத்தில் இதை எப்படிப் போடுவார்கள்?

ஒரே ரிடிமில் உள்ள தட்டுகளை இடைவெளி விடாமல் ஒன்றன்பின் ஒன்றாக ஓட்டுவார்கள். இதற்கு 'ஜக்ளிங்' என்று பெயர். பேஸ் நிற்காது, ஆடுகிறவர்களின் காலும் நிற்காது, மேலே குரல் மட்டும் மாறிக்கொண்டே வரும். ஒரு பாட்டின் முதல் வரிக்கே கூட்டம் ஆர்ப்பரித்தால் தட்டை நிறுத்தி, பின்னால் இழுத்து, மறுபடி முதலிலிருந்து போடுவார்கள். ஒரு ரிடிம் ஆல்பம் என்பது உண்மையில் இந்த ஜக்ளிங்கை வீட்டுக்குக் கொண்டுவந்ததுதான். இதைத் தெரிந்துகொண்டு கேட்டால் பாதிக் குழப்பம் போய்விடும்.

முதலில் வந்த ஒரு ரிடிம் ஆல்பம் எது?

1974இல் தயாரிப்பாளர் ரூப்பி எட்வர்ட்ஸ் வெளியிட்ட 'யமஹா ஸ்காங்க்'. அதன் அடித்தளம் 1968இல் ஸ்லிம் ஸ்மித்தும் யூனிக்ஸ் குழுவும் பாடிய 'மை கான்வர்சேஷன்' என்ற மென்மையான பாட்டு. அந்தப் பியானோவைக் கேட்டவுடனே மனம் இளகிவிடும். அதே இசைமேல் பாட்டு, பேச்சு, வாத்தியம் என்று மாற்றி மாற்றி ஏற்றி ஒரு முழு ஆல்பம் ஆக்கினார் எட்வர்ட்ஸ். அதே ஆண்டில் அவருடைய 'ஐரி ஃபீலிங்ஸ்' பிரிட்டனில் முதல் பத்துக்குள் போனது. அதுவும் புது இசை இல்லை. ஜானி கிளார்க்குக்காக அவர் ஏற்கெனவே பதிவு செய்திருந்த பாட்டின் இசைமேல் கட்டியதுதான்.

ஸ்டூடியோ ஒன் என்ற பெயர் அடிக்கடி வருகிறதே, அது என்ன?

கிங்ஸ்டனில் 13, பிரென்ட்ஃபோர்ட் ரோடு என்ற முகவரியில் காக்ஸன் டாட் நடத்திய ஸ்டூடியோ. 1960களில் அங்கே பதிவான இசைதான் இன்றுவரை ரெகேயின் கருவூலம். அந்த ஸ்டூடியோவின் சவுண்ட் டைமென்ஷன் குழு வாசித்த 'ரியல் ராக்' என்ற வாத்திய இசையை எடுத்துக்கொள்ளுங்கள். பத்தாண்டு கழித்து வில்லி வில்லியம்ஸ் அதன்மேல் 'அர்மகிடியன் டைம்' பாடினார். அதை 1979இல் லண்டன் பங்க் குழுவான தி கிளாஷ் தங்கள் பாணியில் பாடியது. சவுண்ட் டைமென்ஷனின் 'ஃபுல் அப்' இசைமேல் மைட்டி டயமண்ட்ஸ் ஒரு பாட்டுப் பாடினார்கள். அந்தப் பாட்டைச் சற்று மாற்றி 1982இல் மியூசிக்கல் யூத் என்ற பிரிட்டிஷ் சிறுவர் குழு 'பாஸ் தி டச்சி' என்று பாடியது, பிரிட்டனில் முதலிடம் பிடித்தது. 'ஃபுல் அப்'பில் பேஸ் வாசித்த லீராய் சிபிள்ஸ் அன்று அந்த ஸ்டூடியோவில் வேலை பார்த்த இளைஞர்.

கணினி இசை வந்தபிறகு இதெல்லாம் மாறியதா?

அடியோடு மாறியது. மாறிய கதை 'ஸ்லெங் டெங்' என்ற ஒரே ரிடிமில் அடங்கியிருக்கிறது.

காசியோ நிறுவனம் 1981இல் எம்டி-40 என்ற சின்னக் கீபோர்டை விற்பனைக்கு விட்டது. வீட்டில் பொழுதுபோக்காக வாசிப்பவர்களுக்கான கருவி. அதில் ஒரு பட்டனை அழுத்தினால் 'ராக்' என்ற தயார்த்தாளம் பேஸோடு ஓடும். கிங்ஸ்டனில் நோயல் டேவியும் பாடகர் வெய்ன் ஸ்மித்தும் அந்தத் தாளத்தைப் பிடித்துக்கொண்டார்கள். தயாரிப்பாளர் கிங் ஜாமியிடம் எடுத்துப் போனார்கள். ஜாமி வேகத்தைக் குறைத்து, மேலே கொஞ்சம் வேலைப்பாடு சேர்த்து, ஸ்மித்தைப் பாடவைத்தார். 1985 பிப்ரவரி 23 அன்று வால்தம் பார்க் ரோட்டில் பிளாக் ஸ்கார்பியோ சவுண்ட் சிஸ்டத்தோடு நடந்த போட்டியில் அதை இறக்கினார். ஜமைக்காவில் அதன்பிறகு வந்த இசையின் போக்கே திரும்பிவிட்டது. டெனர் சா, ஜானி ஆஸ்போர்ன் என்று வரிசையாக எல்லோரும் அதன்மேல் பாடினார்கள். அதே ஆண்டில் 'ஸ்லெங் டெங் எக்ஸ்ட்ராவகான்சா' என்ற தொகுப்பும் வந்தது.

எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி ஜப்பான் பக்கம் இருக்கிறது. அந்தத் தயார்த்தாளத்தை எழுதியவர் ஒகுதா ஹிரோகோ. 1980இல் காசியோவில் சேர்ந்த இளம்பெண், அந்தக் கீபோர்டு அவர் வேலை பார்த்த முதல் கருவி. அதற்குமுன் இசைக் கல்லூரியில் ஆய்வுக் கட்டுரை எழுதிய பொருள் என்ன தெரியுமா? ரெகே! காதில் ஊறிய ரெகேயோடு டோக்கியோவில் ஒரு பெண் எழுதிய 'ராக்' தாளத்தை, அது யார் எழுதியது என்று தெரியாமலே கிங்ஸ்டன் பையன்கள் ரெகேவுக்குத் திருப்பிக் கொண்டுவந்திருக்கிறார்கள்.

'தீபாவளி' என்றே ஒரு ரிடிம் இருக்கிறதாமே?

இருக்கிறது. ஸ்டீவன் 'லெங்கி' மார்ஸ்டன் உருவாக்கிய 'திவாலி' ரிடிம். 2002இல் கிரீன்ஸ்லீவ்ஸ் நிறுவனத்தின் ரிதம் ஆல்பம் வரிசையில் 27ஆவதாக வெளிவந்தது. பாட்டுகளில் தீபம், பட்டாசு எதுவும் கிடையாது. அந்தப் பண்டிகை ஜமைக்காவுக்குப் புதிதும் அல்ல. 1845 மே மாதம் முதல் கப்பல் வந்ததிலிருந்து 1917 வரை சுமார் 36,000 இந்தியர்கள் ஒப்பந்தக் கூலிகளாக அங்கே கொண்டுபோகப்பட்டார்கள். அவர்களோடு அங்கே போன பண்டிகைகளில் தீபாவளியும் ஒன்று.

ஒரு ரிடிமைக் கூர்ந்து கேட்க இதைவிட நல்ல பாடம் இல்லை என்பேன். இதில் முன்னால் நிற்பது கைதட்டல். நேர் அடியில் விழாமல் அடிக்கு முன்னும் பின்னுமாகத் துள்ளி விழும் தட்டல். அடித்தளத்தில் இடம் நிறைய விட்டிருக்கிறார் லெங்கி. அந்த இடத்தை ஒவ்வொருவரும் எப்படி நிரப்புகிறார்கள் என்று பாருங்கள்.

'கெட் பிஸி'யில் ஷான் பால் பெண்களின் பெயர்களை அடுக்கிக்கொண்டே நுழைகிறார். குரலை ஏற்றி இறக்காமல், ஏறக்குறைய ஒரே சுருதியில், கைதட்டலுக்குப் போட்டியாக இன்னொரு தாளவாத்தியம் போலத் தன் குரலை வைத்துக்கொள்கிறார். அடுத்து வெய்ன் வொண்டரின் 'நோ லெட்டிங் கோ' கேளுங்கள். அதே கைதட்டல்தான். ஆனால் அவர் சுரங்களை நீட்டி நீட்டிப் பாடுகிறார், தாளத்தை அவசரப்படுத்துவதே இல்லை. ஆட்டப் பாட்டு காதல் பாட்டாகிவிடுகிறது. பவுண்டி கில்லரின் 'சஃபரர்' வந்தால் அதே இசை கடுகடுப்பாகிறது. ஏழைகளின் துயரத்தைத் தன் கரகரத்த குரலில் சொல்லும்போது, சற்றுமுன் கொண்டாட்டமாகக் கேட்ட கைதட்டல் இப்போது கண்டிக்கிற ஒலியாகக் கேட்கிறது. இசைக்கோப்பில் ஒரு சுரமும் மாறவில்லை.

2003இல் 'கெட் பிஸி' அமெரிக்கப் பில்போர்டு பட்டியலில் முதலிடம் போனது. 'நோ லெட்டிங் கோ' 11ஆம் இடம். நியூயார்க்கைச் சேர்ந்த லுமிடீ அதே ரிடிமில் பாடிய 'நெவர் லீவ் யூ' 3ஆம் இடம். ஒரே இசை, மூன்று வெற்றி, அதுவும் சில மாத இடைவெளியில்!

ஒரே இசையில் எல்லோரும் பாடினால் பாடகர்களுக்குள் சண்டை வராதா?

போட்டி உண்டு, அதுதான் சுவை. "அந்த ரிடிமில் யார் ஜெயித்தது?" என்பது ரசிகர்கள் வழக்கமாக அலசும் பேச்சு. பின்னணி எல்லோருக்கும் சமம் என்பதால் "எனக்கு நல்ல இசை அமையவில்லை" என்று யாரும் சொல்ல முடியாது. பெயர் தெரியாத புதுப் பையன், பெரிய நட்சத்திரத்தின் பக்கத்திலேயே நின்று அவரைத் தாண்டிப் போக முடிகிற இடம் இது. புதியவர்களுக்கு இவ்வளவு நேர்மையான வாய்ப்பைத் தரும் வேறு இசை வடிவம் எனக்குத் தெரிந்து இல்லை.

எப்படித்தான் பதிவு செய்கிறார்கள்?

முன்பெல்லாம் ரிடிம் நாடாவில் இருக்கும், பாடகர் ஸ்டூடியோவுக்கு வருவார். ஜமைக்கா ஸ்டூடியோ வாசல்களில் வாய்ப்புக்காகக் காத்திருக்கும் பாடகர்களைப் பற்றிய கதைகள் ஏராளம். இப்போது கோப்பை மின்னஞ்சலில் அனுப்பிவிடுகிறார்கள், பாடகர் இருக்கும் ஊரிலேயே பாடி அனுப்புகிறார். பிறகு தயாரிப்பாளர் ஒவ்வொரு குரலுக்கும் ஏற்றபடி கலவையைச் சரிசெய்வார். ஓரிடத்தில் பேஸை நிறுத்தி வரியை மட்டும் தனியாக ஒலிக்கவிடுவார், இன்னோரிடத்தில் டிரம்ஸை மட்டும் விட்டுவைப்பார். ஒரே ரிடிம் என்றாலும் டிராக்குகளுக்கிடையே இந்த நுணுக்கமான வேறுபாடுகள் இருக்கும். ஹெட்ஃபோனில் கேட்டால் நன்றாகப் பிடிபடும்.

காசு யாருக்குப் போகிறது? ரிடிமை வாசித்தவருக்கு ஏதாவது கிடைக்குமா?

இந்த இசையின் வேதனையான பக்கம் இது. பழைய ஸ்டூடியோக்களில் வாசித்தவர்கள் கூலிக்கு வாசித்தவர்கள். அன்று கையில் வாங்கியதோடு சரி. அந்த பேஸின்மேல் பின்னால் நூறு பாட்டு வந்தாலும் அவர்களுக்கு ஒன்றும் வராது. நாட்டின் சட்டமும் துணைக்கு இல்லை. 1911ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் காப்புரிமைச் சட்டத்தை வைத்தே பல பத்தாண்டுகள் காலம் தள்ளினார்கள், ஜமைக்காவின் புதிய காப்புரிமைச் சட்டம் 1993இல்தான் வந்தது.

பாடியவர்களுக்கும் இதே கதிதான். 'ஸ்டாலாக்' ரிடிமில் சிஸ்டர் நான்சி 1982இல் பாடிய 'பாம் பாம்' உலகம் முழுக்க ஒலித்தது, படங்களில் வந்தது, ராப் பாடகர்கள் வெட்டி எடுத்துப் பயன்படுத்தினார்கள். முப்பது ஆண்டுக்கும் மேலாகத் தனக்கு உரிமைத்தொகை வரவில்லை என்று அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அமெரிக்காவில் வங்கி வேலை பார்த்துப் பிழைத்தார். தொலைக்காட்சி விளம்பரம் ஒன்றில் தன் குரலைக் கேட்ட பிறகுதான் சட்டத்தின் துணையை நாடினார்.

இப்போது ரிடிம் உருவாக்கியவர்களே கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள். ஸ்டீலி, கிளீவி என்ற இரட்டையர் 1989இல் உருவாக்கிய 'ஃபிஷ் மார்க்கெட்' என்ற இசையிலிருந்துதான் லத்தீன் அமெரிக்க ஆட்ட இசையான ரெகேடோனின் அடித்தாளம் பிறந்தது என்று கிளீவி தரப்பு 2021இல் கலிஃபோர்னியாவில் வழக்குத் தொடுத்தது. பின்னர் நூற்றுக்கும் மேற்பட்ட கலைஞர்களை வழக்கில் சேர்த்தார்கள். ரிடிம் எல்லோருக்கும் பொது என்ற ஜமைக்கா வழக்கத்தைக் காட்டி இதைக் குறை சொல்பவர்கள் உண்டு. நான் கிளீவி பக்கம்தான். அண்டை வீட்டார் பகிர்ந்துகொள்வது வேறு, கோடிகளில் வியாபாரம் நடக்கும்போது உருவாக்கியவர் பெயரையே விட்டுவிடுவது வேறு.

ஆட்டப் பாட்டுகள் மட்டும்தானா? உருக்கமான தொகுப்புகள் கிடையாதா?

தாராளமாக உண்டு. டான் கோர்லியான் தயாரித்த 'டிராப் லீஃப்' ரிடிமைக் கேளுங்கள். மெல்லிய கிட்டார், தணிந்த தாளம். அதில் டி.ஓ.கே குழுவின் 'ஃபுட்பிரின்ட்ஸ்' வன்முறையில் உறவைப் பறிகொடுத்தவர்களின் துக்கம். அதே ரிடிமில் ஜா கியூரின் 'லாங்கிங் ஃபார்' காதலியைப் பிரிந்த ஏக்கம். அந்தப் பாட்டு ஒலித்துக்கொண்டிருந்த காலத்தில் அவர் சிறையில் இருந்தார், 2007இல்தான் வெளியே வந்தார்.

பழைய ரூட்ஸ் ரெகே பிடிக்கும் என்றால் மான்செஸ்டரின் பிளட் அண்ட் ஃபயர் நிறுவனம் வெளியிட்ட 'ஃபிஷர்மேன் ஸ்டைல்' இருக்கிறது. லீ பெரி தன் பிளாக் ஆர்க் ஸ்டூடியோவில் காங்கோஸ் குழுவுக்காக 1970களில் பதிவு செய்த 'ஃபிஷர்மேன்' இசைமேல், ஏறக்குறைய முப்பது ஆண்டு கழித்துப் பலரைப் பாடவைத்த தொகுப்பு அது.

ஒரே இசையை ஒரு மணி நேரம் கேட்டால் அலுக்காதா?

பின்னணியில் ஓடவிட்டு வேறு வேலை பார்த்தால் அலுக்கத்தான் செய்யும். இரண்டு வழி சொல்கிறேன். ஒன்று, ஆடுங்கள், அல்லது நடங்கள். உடம்பு அசைந்துகொண்டிருக்கும்போது பேஸ் மாறாமல் இருப்பதுதான் சுகம். இன்னொன்று, ஒரே சமயத்தில் நான்கைந்து பாட்டுக்கு மேல் கேட்க வேண்டாம். பாடகர் எந்த அடியில் நுழைகிறார், பல்லவியை எங்கே வைக்கிறார், எங்கே மூச்சு விடுகிறார் என்று கவனியுங்கள். எல்லா ஆல்பமும் இந்தக் கவனிப்புக்குத் தகுதியானது என்று சொல்லமாட்டேன். இருபது டிராக்கில் ஐந்தாறு மட்டும் தேறுகிற தொகுப்புகளும் உண்டு, தேறாததைத் தயங்காமல் தாண்டிப் போகலாம்.

இன்றும் வருகின்றனவா?

வருகின்றன, ஆனால் வடிவம் மாறிவிட்டது. 2000க்குப் பிறகான சில ஆண்டுகள்தான் இதன் சிடி பொற்காலம். லண்டனில் கிரீன்ஸ்லீவ்ஸின் ரிதம் ஆல்பம் வரிசை, நியூயார்க்கில் வின்சென்ட் சின், பாட்ரீசியா சின் தம்பதி தொடங்கிய விபி ரெக்கார்ட்ஸின் 'ரிடிம் டிரிவன்' வரிசை என்று மாதாமாதம் வந்துகொண்டிருந்தன. 2008இல் விபி நிறுவனமே கிரீன்ஸ்லீவ்ஸை வாங்கிவிட்டது. இப்போது பெரும்பாலும் இணையத்தில் நேராக வெளியாகின்றன.

சரி, எதில் தொடங்கலாம்?

என் பரிந்துரை 'ஸ்டாலாக்' ரிடிம். முதலில் ஆன்செல் காலின்ஸின் 1973ஆம் ஆண்டு வாத்திய இசையான 'ஸ்டாலாக் 17', அடுத்து சிஸ்டர் நான்சியின் 'பாம் பாம்', மூன்றாவதாக டெனர் சாவின் 'ரிங் தி அலார்ம்'. இந்த மூன்றையும் இதே வரிசையில் கேட்ட பிறகு 'திவாலி'க்குப் போங்கள், அப்புறம் 'டிராப் லீஃப்'. தேடும்போது பாடகர் பெயரைப் போடாமல் ரிடிமின் பெயரோடு 'ரிடிம்' என்ற சொல்லை ஆங்கில எழுத்தில் சேர்த்துத் தேடுங்கள். தொகுப்பாகவும் கிடைக்கும், ரசிகர்கள் இடைவெளி இல்லாமல் கோத்த ஜக்ளிங் கலவைகளாகவும் கிடைக்கும். இரண்டில் கலவையையே முதலில் கேளுங்கள், ஸ்பீக்கரில் பேஸைக் கொஞ்சம் கூட்டி வைத்துக்கொண்டு.